பொறி பறக்காத கருவி எங்கே வேண்டும்? வேலூர் – ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கோ ராணிப்பேட்டையில் ஒரு டேனரிக்கோ அழுத்தமானி, மட்டமானி, வெப்பமானி என்று இன்ஸ்ட்ருமென்ட் வாங்கக் கொட்டேஷன் கேட்டால், ஒரே கருவிக்கு இரண்டு விலை வரும். சாதாரண வகைக்கு ஒரு விலை; ‘ஐ.எஸ்.’ சான்று பெற்ற வகைக்கு அதைவிடக் கூடுதலான விலை. அப்போதே தொழிற்சாலைக்குள் இரண்டு கட்சி பிரிந்துவிடும். “எதற்கும் ஐ.எஸ்.ஸே போட்டுவிடலாம், பாதுகாப்பு கூடத்தானே செய்யும்” என்பார்கள் சிலர். “எரிகிற வாயுவே இல்லாத இடத்தில் அது எதற்கு, வீண் செலவு” என்பார்கள் மற்றவர்கள். அபாயப் பகுதி அல்ல என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்தில் இந்தக் கருவிகளுக்கு வேலை உண்டா என்ற கேள்விக்கு உலகம் முழுக்கப் பொறியாளர்களிடம் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. தோல் வட்டாரத்தில் அந்த விடையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ஆளைக் கொல்லும் வாயு, எரிவதற்கு வெகு முன்பே கொன்றுவிடுகிறது.

முதலில் ஐ.எஸ். என்பதன் அடிப்படை. மின்கருவியில் பொறி வந்தால் அதை இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைப்பது ஒரு முறை. நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் எஃப்.எல்.பி. என்று சொல்லும் ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி அதுதான். உள்ளார்ந்த பாதுகாப்பு எனப்படும் ஐ.எஸ். முறை வேறு. வயர் அறுந்தாலும், இரண்டு முனை ஒட்டிக்கொண்டாலும், வரும் பொறிக்கு வாயுவைப் பற்றவைக்கும் தெம்பே இல்லாதபடி சுற்றுக்குள் போகும் ஆற்றலைக் குறைத்து வைப்பது. எவ்வளவு குறைவு என்பதைச் சில எண்களில் பார்க்கலாம். ஹைட்ரஜனைப் பற்றவைக்க சுமார் 0.02 மில்லி ஜூல் போதும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு ஏறத்தாழ 0.07, மீத்தேனுக்கு 0.28. உலர்ந்த நாளில் கதவுக் கைப்பிடியைத் தொடும்போது விரலில் சுளீரென்று தைக்கிறதே, அந்த நிலைமின் பொறியே இவற்றை எல்லாம் மிஞ்சும்.

இந்த அறிவு சுரங்கத்தில் உயிர்களைக் கொடுத்து வாங்கியது. 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் மாண்டார்கள். சுரங்கத்துக்குள் சைகை மணி அடிக்கப் பயன்பட்ட வெற்றுக் கம்பிகளின் பொறி மீது சந்தேகம் விழுந்தது. மணிக்குப் போவது பேட்டரியின் குறைந்த வோல்ட்தானே, அது என்ன செய்யும் என்ற நம்பிக்கை அதோடு உடைந்தது. ஆர்.வி. வீலரும் டபிள்யூ.எம். தார்ன்டனும் ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதித்தார்கள். மணியின் சுருளில் தேங்கும் ஆற்றல், சுற்று அறுபடும் கணத்தில் பொறியாக வெளியேறி வாயுவைப் பற்றவைக்கும் என்று காட்டினார்கள். இன்று இந்தியாவில் ஐ.எஸ்/ஐ.இ.சி. 60079 என்ற தரநிலை வரிசையில் (இந்தப் பெயரிலுள்ள ஐ.எஸ். இந்தியத் தரநிலையைக் குறிப்பது) பதினோராம் பகுதி பேசுவது அந்த ஆய்வின் வழித்தோன்றலைத்தான். இங்கே கருவிகளைச் சோதிக்க தன்பாத் சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற கூடங்கள் இருக்கின்றன. எண்ணெய், எரிவாயு சார்ந்த இடங்களுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

சான்றுத் தகட்டில் ‘எக்ஸ் ஐஏ ஐஐசி டி4’ என்று இருக்கும். ‘ஐஏ’ என்றால் இரண்டு பழுது ஒன்றாக நேர்ந்தாலும் பற்றவைக்காது. ‘ஐஐசி’ என்றால் ஹைட்ரஜன் போன்ற மிக எளிதில் பற்றும் வாயுக் கூட்டத்துக்கும் தாங்கும். ‘டி4’ என்றால் மேற்பரப்புச் சூடு 135 பாகை செல்சியஸைத் தாண்டாது. தகட்டில் எழுதாத ஒன்று முக்கியம். இந்தக் கருவி தனியாக நின்றால் பாதுகாப்பே கிடையாது. கன்ட்ரோல் பேனலுக்குள் பேரியர் என்ற ஒரு சிறு பெட்டி இருந்து, 28 வோல்ட், 93 மில்லி ஆம்பியர் என்பதுபோல ஓர் எல்லைக்குள் மின்சாரத்தைத் தடுத்து அனுப்ப வேண்டும். பேரியர், கேபிள், களத்திலுள்ள கருவி மூன்றும் சேர்ந்ததுதான் ஐ.எஸ். ஒன்று குறைந்தாலும் மீதி இரண்டும் வெறும் உலோகம்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தொழிலில் எரியும் அபாயமுள்ள இடங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. பதனிட்ட தோலுக்கு மெருகு ஏற்றும் ஃபினிஷிங் பிரிவில் நைட்ரோ செல்லுலோஸ் லாக்கரை ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அதன் கரைப்பான்கள் பியூட்டைல் அசிடேட் போன்றவை. ஷூ கம்பெனிகளில் அடிப்பாகம் ஒட்டும் பசையில் டொலுயீன், அசிட்டோன், எம்.இ.கே. போன்ற கரைப்பான்கள் இருக்கும். டொலுயீனின் ஆவி 4 பாகையிலேயே தீப்பிடிக்கும் அளவுக்குச் சேர்ந்துவிடும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் வேலூரில் அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பஃபிங் மெஷினின் தோல் தூசியும் எரியும். கழிவுநீர்க் கசடிலிருந்து மீத்தேன் எடுக்கும் மூடிய செரிப்பான்கள் இன்னொரு இடம். ஸ்ப்ரே கூடத்தின் உட்புறம், பசை டிரம் வைக்கும் அறை, வாயுக்குழாய் வரிசை ஆகிய இவற்றில் ஐ.எஸ். அல்லது எஃப்.எல்.பி. கட்டாயம். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

விவாதம் மற்ற இடங்களைப் பற்றியது. ஊறப்போடும் டிரம் வரிசை, பாய்லர், ஆர்.ஓ. பிளாண்ட், ஆவியாக்கி, திறந்தவெளிச் சுத்திகரிப்புத் தொட்டிகள் ஆகியவை எரிவாயுக் கணக்கில் பெரும்பாலும் அபாயமற்ற பகுதியாகவே குறிக்கப்படுகின்றன. இங்கே ஐ.எஸ். கருவி மாட்டலாமா? மாட்டலாம், தரநிலையில் தடை இல்லை. ஆனால் மாட்டுவதால் என்ன கிடைக்கிறது என்று கேட்க வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். அளவை மின்சைகையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைச் சான்று பெற்ற வகையாக வாங்கி, பேரியர் இல்லாமல் நேரே 24 வோல்ட் சப்ளையில் இணைத்துவிடுகிறார்கள். கருவி ஒழுங்காக வேலை செய்யும். பாதுகாப்போ ஒரு துளியும் அதிகரிக்காது. கூடுதலாகக் கொடுத்த பணம் தகட்டின் எழுத்துக்குத்தான். சரி, பேரியரையும் சேர்த்து மாட்டுவோம் என்றால் வேறு சிக்கல் வரும். 300 ஓம் தடையுள்ள ஜீனர் பேரியரில் 20 மில்லி ஆம்பியர் ஓடும்போது 6 வோல்ட் அங்கேயே போய்விடும். அளவெடுக்கும் 250 ஓம் தடைக்கு 5 வோல்ட். இருபத்து நான்கில் மிச்சம் 13. பல டிரான்ஸ்மிட்டர்களுக்கு 10.5 முதல் 12 வோல்ட் வரை வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டி வரைக்கும் ஓடும் கேபிளின் இழப்பையும் கழித்தால் விளிம்பில் நிற்கிறோம். மேலும் ஜீனர் பேரியருக்கு ஒரு ஓமுக்கும் குறைந்த தனி எர்த் வேண்டும். உப்புநீரும் அமிலமும் தெறிக்கும் டேனரித் தரையில் அந்த எர்த்தை ஆண்டுக்கணக்கில் அப்படியே காப்பாற்றுவது சாதாரண வேலை அல்ல. ஐசொலேட்டர் வகைப் பேரியருக்கு அந்தச் சிக்கல் இல்லை, விலை அதிகம்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. டேனரியில் கருவியைக் கொல்வது தீப்பொறி அல்ல, அரிப்பும் ஈரமும்தான். ஐ.எஸ். சான்றுக்கு உறையின் குறைந்தபட்சத் தரம் ஐ.பி.20 இருந்தால் போதும். அதாவது விரல் உள்ளே போகாது, அவ்வளவுதான். தண்ணீர் தாராளமாகப் போகும். நல்ல களக் கருவிகள் அதைவிட உயர்ந்த உறையோடு வருகின்றன என்பது உண்மை. ஆனால் அது சான்றின் புண்ணியம் அல்ல. பாதுகாப்பான பகுதியில் செலவழிக்கக் கையில் பணம் இருந்தால், ஐ.பி.67 உறைக்கும் குளோரைடு தாங்கும் டயஃப்ரத்துக்கும் அதைக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

‘ஸ்டோரில் ஒரே வகை வைத்திருந்தால் எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்’ என்பது ஐ.எஸ். கட்சியின் வலுவான வாதம். அதில் உண்மை இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. பேரியர் இல்லாத சுற்றில் ஒரு நாள் மாட்டிய கருவிக்குள் கூடுதல் மின்னழுத்தம் ஏறியிருக்கலாம். மின்னலடித்த நாளில் சர்ஜ் வந்திருக்கலாம். உள்ளிருக்கும் ஜீனரோ தடையோ பாதி செத்திருக்கலாம். வெளியே ஒன்றும் தெரியாது, அளவும் சரியாகவே காட்டும். அதே கருவியைக் கழற்றிப் பிறகு ஸ்ப்ரே கூடத்தில் மாட்டினால், சான்று கருதிய கருவி அங்கே இல்லை. ஆகவே சாதாரண சுற்றில் ஒருமுறை போன ஐ.எஸ். கருவி மறுபடி அபாயப் பகுதிக்குத் திரும்பக் கூடாது. சான்றுத் தகட்டில் நிலையான அடையாளம் போட்டு, ஸ்டோரில் தனி அலமாரியில் வைக்க வேண்டும். உள்ளூர்க் கடையில் ஒரு ரெசிஸ்டரை மாற்றி ‘ரெடி’ செய்து வாங்கிய கருவிக்கும் இதே விதிதான். வெளிர்நீலக் கேபிளுக்கும் அப்படியே. நிறத்தால் அடையாளம் காட்டுவதென்றால் ஐ.எஸ். சுற்றுக்கு வெளிர்நீலம் என்று தரநிலை சொல்கிறது. மிச்சம் கிடந்தது என்று அந்தக் கேபிளை மோட்டார் கன்ட்ரோலுக்கு இழுத்தால், நாளைக்கு வரும் வயர்மேன் அதைப் பார்த்து என்ன நினைப்பான்?

நிலையாக மாட்டும் கருவிகளில் என் தீர்ப்பு சுருக்கமானது. அபாயமற்ற பகுதிக்கு ஐ.எஸ். வேண்டாம். நாளை அந்த இடம் மாறும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும், பேரியரோடும் கணக்கோடும் ஆவணத்தோடும் முழுமையாகப் போடுங்கள். ஷூ கம்பெனிகளுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தும். ஏற்றுமதி ஆர்டரைப் பொறுத்து பசை ஒட்டும் வரிசை இந்தக் கூடத்திலிருந்து அந்தக் கூடத்துக்கு நகரும். வரிசை நகரும் வேகத்தில் பகுதி வரைபடம் திருத்தப்படுவதில்லை.

கையில் எடுத்துச்செல்லும் கருவிக்கு விடை நேர்மாறானது. டார்ச், வாக்கி டாக்கி, வாயுமானி, மல்டிமீட்டர் எதுவும் வரைபடத்தின் கோட்டைப் பார்த்து நிற்பதில்லை, ஆளோடு நடக்கும். பாய்லர் அறையில் பயன்பட்ட டார்ச் ஐந்து நிமிடத்தில் கரைப்பான் கிடங்கில் இருக்கும். அதனால் தொழிற்சாலையில் எங்காவது ஒரே ஓர் அபாயப் பகுதி இருந்தாலும், கைக்கருவி அத்தனையும் ஐ.எஸ்.ஸாக இருப்பதுதான் சரி. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பேட்டரி மாற்றுவதும் சார்ஜ் போடுவதும் பாதுகாப்பான பகுதியில் மட்டும். சான்றில் குறித்த வகை செல்லைத்தான் போட வேண்டும். பெட்டிக்கடையில் கிடைத்த செல்லைப் போட்ட டார்ச் அந்த நிமிடமே சாதாரண டார்ச் ஆகிவிடும். நடைமுறையில் இங்கே தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பவர் கையில் இருப்பது அதுவும் அல்ல, செல்ஃபோன் விளக்குதான்.

இதுவரை சொன்னது எந்தத் தொழில் நகரத்துக்கும் பொருந்தும். இனி சொல்வது தோல் வட்டாரத்துக்கே உரியது.

தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரின் பி.எச். 12 அளவில் இருக்கும்வரை சல்ஃபைடு நீரிலேயே அடங்கிக் கிடக்கும். தோலை அமில உப்புநீரில் ஊறவைக்கும் பிக்கிளிங்கில் கந்தக அமிலம் சேர்த்த நீரின் பி.எச். 3-க்குப் பக்கம். இரண்டும் ஒரே கால்வாயில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். பி.எச். 7-க்கு இறங்கும்போதே கரைந்த சல்ஃபைடில் ஏறத்தாழப் பாதி வாயு வடிவில் இருக்கும். டிரம்முக்குள்ளேயே சல்ஃபைடு மிச்சமிருக்க அமிலம் ஊற்றினாலும் இதுவே நடக்கும். மூடியைத் திறப்பவர் முகத்தில் முதலில் அடிக்கும். காற்றில்லாமல் கிடக்கும் கசடில் பாக்டீரியாக்கள் சல்ஃபேட்டிலிருந்து இதே வாயுவை உண்டாக்கும். காற்றைவிடச் சற்றுக் கனமானது என்பதால் குழியில் தங்கும். மேலே அமைதியாகத் தெரியும் கசடைக் காலால் கலக்கிய பிறகுதான் வெளியே வரும். இறங்கும்வரை ஒன்றும் இல்லை, இறங்கியதும் சாய்ந்தார் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு தீப்பிடிக்கக் காற்றில் குறைந்தது 4 சதவீதம் இருக்க வேண்டும். அது 40,000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 40,000 பங்கு. அழுகிய முட்டை நாற்றம் ஒரு பி.பி.எம்.முக்கும் வெகு கீழேயே தெரியும். 100 பி.பி.எம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் வரையறுத்த அளவு. அந்த அளவை ஒட்டி மூக்கு மரத்து நாற்றமும் தெரியாமல் போகும். 500-ஐத் தாண்டினால் நினைவு தப்பும். 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார்கள். இப்போது எரிவாயு அளக்கும் மீட்டரை எடுத்துக்கொள்வோம். தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதம் வந்தால் அது அலறும் என்று வைத்திருப்பார்கள். இந்த வாயுவுக்கு அது 4,000 பி.பி.எம். மீட்டர் அலறும்போது கேட்க ஆள் இருக்க மாட்டார். 500 பி.பி.எம்.மில் அந்த மீட்டரின் காட்சி சுமார் 1 சதவீதம். பெரும்பாலும் பூஜ்யம் என்றே படிக்கப்படும்.

அந்த மீட்டர் ‘எக்ஸ் ஐஏ’ சான்று பெற்றதாக இருக்கலாம், சான்றில் எந்தப் பொய்யும் இல்லாமல் இருக்கலாம். ஐ.எஸ். சான்று சொல்வது இந்தக் கருவி வாயுவைப் பற்றவைக்காது என்பதை மட்டுமே. அது எந்த வாயுவை அளக்கிறது, சரியாக அளக்கிறதா என்பது வேறு விஷயம். இன்னொன்றும் உண்டு. எரிவாயு மீட்டர்களில் பரவலாக இருக்கும் பெல்லிஸ்டர் சென்சாரை சிலிக்கோன் நஞ்சாக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் மட்டுப்படுத்தும். ஃபினிஷிங் பிரிவில் வழவழப்புக்குச் சிலிக்கோன் கலந்த மெருகுப் பொருள் அடிக்கப்படுகிறது, ஈரப்பிரிவில் சல்ஃபைடு. டேனரியைப் போல அந்தச் சென்சாருக்குப் பகையான இடம் வேறு கிடைப்பது அரிது. சோதனை வாயு காட்டிச் சரிபார்க்காமல் வருடக்கணக்கில் மாட்டியிருக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

ஆகவே எரிவாயுக் கணக்கில் அபாயமற்ற பகுதி என்று குறிக்கப்பட்ட தொட்டிதான் இந்த வட்டாரத்தில் ஆள் இறங்கவே கூடாத இடமாக இருக்கிறது. வரைபடம் தவறல்ல, அது தீயை மட்டும் பேசுகிறது. நாம் அதை மனித உயிருக்கான வரைபடமாகப் படிப்பதுதான் தவறு.

இதன் பின்னணியில் ஒரு வரலாறும் இருக்கிறது. பாலாற்றை டேனரிக் கழிவு அழிப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே ஈடு தர வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தில் உறுதியானது அதில்தான். சுத்திகரிப்பு இல்லாமல் டேனரி நடத்த முடியாது என்ற நிலை வந்தது. வர வேண்டியதுதான், அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்த சல்ஃபைடும் கசடும் இப்போது குழிகளிலும் தொட்டிகளிலும் சேர்ந்தன. அவற்றைத் தூர்வார ஆள் வேண்டியிருந்தது. தண்ணீரின் தரத்துக்குத் தினசரி அளவும் பதிவும் உண்டு. தூர்வாருபவர் மூச்சுக்குப் பல இடங்களில் ஓர் அளவும் இல்லை. ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோ 1990-களில் சென்னையிலிருந்து நடத்திய தோல் தொழில் மாசுக்கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த வாயுவைப் பற்றித் தனிக் கவனம் எடுத்து வழிகாட்டியது. சல்ஃபைடு நீரையும் அமில நீரையும் தனித்தனிக் கால்வாயில் விடுவது, மாங்கனீசு சல்ஃபேட்டைக் கிரியாவூக்கியாக வைத்துக் காற்றூட்டி சல்ஃபைடை ஆக்சிஜனேற்றுவது எல்லாம் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல.

ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் படுத்திருந்த இடம் எந்த மின்பகுதி வரைபடத்திலும் அபாயப் பகுதி ஆகியிருக்காது. அங்கே தேவைப்பட்டது ஐ.எஸ். கருவி அல்ல. உறுதியான சுவரும், தொட்டியின் கொள்ளளவை மதிக்கும் நிர்வாகமும், சுவரோரம் படுக்க வேண்டாத ஒரு தங்குமிடமும் தேவைப்பட்டன. பாதுகாப்புக்கு என்று ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று கேட்கும்போதெல்லாம் இந்தப் பத்துப் பேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக இருந்தது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ எவரும் இறங்கும் முன் வாயுவை நீக்க இயன்ற எல்லாம் செய்ய வேண்டும் என்றது. தகுதியுள்ளவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் மூச்சுக்கருவியும், வெளியில் ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு பெல்ட்டும் அணிய வேண்டும். 36ஏ பிரிவு, தகுந்த காப்பு இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கை அங்கே கொண்டுபோகக் கூடாது என்றது. எரிவாயு இருக்க வாய்ப்புண்டு என்றால் ஃப்ளேம்ப்ரூஃப் விளக்கு மட்டுமே. நச்சை முதலில் வைத்து விளக்கைப் பிறகு வைத்த அந்த வரிசை சரியானது. 2020-இன் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருந்தாலும் இந்த நடைமுறையைத் தளர்த்த ஒரு காரணமும் இல்லை.

டேனரி உரிமையாளர்களுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆர்.ஓ. பிளாண்டுக்கும் பாய்லருக்கும் ஐ.எஸ். டிரான்ஸ்மிட்டர் கேட்டு அனுப்பிய கொட்டேஷனைத் திரும்ப வாங்கிச் சாதாரண வகைக்கு மாற்றுங்கள். மிச்சமாகும் பணத்தில், ஹைட்ரஜன் சல்ஃபைடையும் ஆக்சிஜனையும் எரிவாயுவையும் தனித்தனியே அளக்கும் ஐ.எஸ். கைமீட்டரை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வாங்குங்கள். சோதனை வாயு சிலிண்டரையும் சேர்த்தே வாங்குங்கள்; அந்த மீட்டரிலுள்ள மின்வேதி சென்சார் இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியது என்பதை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கள். கூடவே ஓர் ஊதுவிசிறியும், முக்காலியில் தொங்கும் மீட்புக் கப்பியும், முடிந்தால் ஆள் இறங்காமலே கசடை உறிஞ்சும் பம்பும் வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் ஆளாக இருந்தாலும், மீட்டர் காட்டிய எண்ணைத் தாளில் எழுதிக் கையெழுத்து போடாமல் எவரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள்.